கோவில் மீன்

போன மாதம் நம்மில் ஒருத்தி தொலைபேசி எடுத்தாள். சுகம் விசாரித்து முடிந்ததும், "நீயெல்லோ அண்டைக்குக் கோவிலுக்குள்ள எழும்பி நிண்டு தேப்பனுக்காகக் கதைச்சனி. என்ர பிள்ளையளுக்கு அதை இப்பவும் சொல்லுறனான்" என்றாள். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமை என்னோடு வரிசையில் நின்று பூசை அப்பத்தை முதல் தரமாக, முதல் நன்மையாக, வாங்கிய உங்கள் பதினொரு பேருக்கும். நமக்கெல்லாம் ஐம்பது எட்டிப் பார்க்கிறது. ஒருவருக்குச் சீனி வருத்தம், ஒருவருக்கு முழங்கால், எனக்கு இரண்டும். இனியும் பொய்யை வைத்துக்கொண்டிருக்க ஏலாது.

சண்டைக்கு ஓடிக் கரையை விட்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நம்முடைய கரைக்குப் பக்கத்தில் ஆமி முகாம் இருந்ததால் கடல் பக்கம் தலைவைக்க முடியாது. சில மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிடந்துவிட்டு, மல்லாவிப் பக்கம் காட்டு ஓரமாக வந்து கொட்டில் போட்டோம். நம்முடைய கோவிலும் ஒரு கொட்டில்தான். கிடுகுக் கூரை, சுவர் கிடையாது, கீழே குளத்து மணல். மணிக்குப் பதிலாக உழவு மெசினின் இரும்புத் தட்டு ஒன்று வேப்பமரத்தில் தொங்கியது. அதை அடித்தால் மணிச் சத்தம் வராது, ஆரோ சண்டைக்குக் கூப்பிடுவதுபோல் இருக்கும். கோவிலுக்கு இருபது முப்பது அடி தள்ளி ஒரு பாலைமரம். அதை நினைவில் வையுங்கள்.

அந்த வருடம் வந்த சுவாமி இளந்தாரி. குருப்பட்டம் கிடைத்து இரண்டு வருடம்கூட இல்லை. பட்டணத்தில் வளர்ந்தவர், கரையைப் பற்றி ஒன்றும் தெரியாது, சூடைமீனுக்கும் சாளைமீனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு விஷயத்தில் பிடிவாதக்காரர். நம்முடைய சனம் பூசை கண்ட விதம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சுவாமி அங்கே பூசை வைப்பார், பெண்கள் இங்கே செபமாலை உருட்டுவார்கள், ஆண்கள் முழங்காலில் நின்று கூரையைப் பார்ப்பார்கள், மணி அடித்தால் எல்லோரும் தலையைக் குனிவார்கள். அவ்வளவுதான். சுவாமி வந்த முதல் மாதமே, "பூசை முடியுமட்டும் செபமாலையை மடியில வையுங்கோ அம்மா, மாதா கோவிக்கமாட்டா" என்று சொல்லிப் பாதிப் பெண்களின் பகையைத் தேடிக்கொண்டார்.

ஞாயிறு வாசகம்தான் பூசைக்குத் திறப்பு என்பது அவருடைய கதை. வாசகப் புத்தகமோ மாரியில் நனைந்து ஊதிப் போயிருந்தது. அவர் அதன் தையலை வெட்டித் தாள் தாளாகப் பிரித்து, கொடியில் உடுப்புக் காயப்போடுவதுபோல் கிளிப் குத்திக் காயவைத்தார். பிறகு கிழமைக்கு ஒரு தாள் ஒரு வீட்டுக்குப் போகும், சொப்பிங் பையில் சுற்றி. அந்த வீட்டார் வாசகத்தை வாசித்து, "இது பூசையில எந்த இடத்தில வருது?" என்ற ஒரு கேள்விக்கு ஞாயிற்றுக்கிழமை எழும்பி நின்று பதில் சொல்லவேண்டும். பிழையாகச் சொன்னாலும் சுவாமி ஏசமாட்டார். அதுதான் கூடின வெட்கம்.

நமக்கு நன்மை குடுக்கக் குறித்த நாளோடு முடியும்படி ஐந்து கிழமை தொடர்ந்து அப்பத்தைப் பற்றியே வாசகம் வந்தது. மா இல்லை, பாண் இல்லை, பூசைக்கு அப்பம் சுடக்கூடக் கோதுமை மா எங்கிருந்தோ சுண்டு சுண்டாக வரும். அந்த நேரம் பார்த்து ஐந்து கிழமையும் அப்பம். முதல் கிழமை, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் போதுமாய்ப் போன வாசகம். தாள் போன வீட்டுக்காரர் எழும்பி, "சுவாமி கை கழுவுற இடத்தில வருது. சாப்பிட முன்னம் கழுவத்தானே வேணும்" என்றார். சுவாமி சிரிக்கவில்லை. "நல்லாத்தான் யோசிச்சிருக்கிறியள்" என்று சொல்லிவிட்டு நான்கு விரலை உயர்த்திக் காட்டினார். ஒன்று, எடுத்தார். இரண்டு, நன்றி சொன்னார். மூன்று, உடைத்தார். நான்கு, குடுத்தார். "இந்த நாலும்தான் பூசை. இனி நான் பீடத்தில என்ன செய்யிறன் எண்டு விரலை மடிச்சுப் பாருங்கோ" என்றார். அன்று பிள்ளைகள் எல்லோரும் விரலை மடித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது என் அப்பா. அவர் அந்த ஒரு வருடமும் கோவிலுக்குள் கால் வைக்கவில்லை. அம்மாவையும் என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார், நம்மை இறக்கிவிட்டு அந்தப் பாலைமரத்தின் கீழ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். சுவர் இல்லாதபடியால் எல்லாம் கேட்கும். எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அவரும் நிற்பார். நன்மை வாங்க மட்டும் வரமாட்டார். கரையில் இருந்த காலத்தில் ஒரு ஞாயிறு தவறவிடாத மனிதர்.

அதற்கு ஊர் சொன்ன காரணங்கள் உங்கள் வீடுகளிலும் கதைபட்டவைதான். வள்ளமும் வலையும் போனதால் ஆண்டவரோடு கோபம் என்றார்கள் சிலர். அல்லேலூயாச் சபைக்காரரோடு சேரப்போகிறார் என்றார்கள் சிலர். குடி என்றும் சொன்னார்கள். குளத்து மீன் பிடிக்கப் போகாததையும் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற ஆண்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டாவது குளத்துக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். அப்பா, "சேத்து மீன் மீனோ?" என்று சொல்லிவிட்டு விறகு வெட்டப் போவார். அது வெறும் கரைத் திமிர் என்று அம்மாகூட நினைத்தா.

அந்த முதல் ஞாயிறு திரும்பி வரும்போது நான் சைக்கிள் பாரில் இருந்தேன். அப்பா திடீரென்று கேட்டார்.

"அந்தப் பொடியன்ர கையில இருந்த மீன் ஆரின்ர மீன் எண்டு வாசகத்தில கிடக்கோ பிள்ளை?"

"பொடியன்ரதான் அப்பா."

"ஒரு பொடியன் அஞ்சு அப்பமும் ரெண்டு மீனும் தனக்கெண்டு கொண்டு திரிவானோ? ஆரோ ஆருக்கோ குடுத்துவிட்டிருப்பினம். வழியில வைச்சு வாங்கிச் சனத்துக்குக் குடுத்தாச்சு. பிறகு அந்தப் பொடியன் வீட்டை போய் என்ன சொல்லியிருப்பான்?"

சுவாமியிடம் கேளுங்கள் என்றேன். அவர் இன்னும் வேகமாக மிதித்தார்.

நமக்கு நன்மை இரண்டு தரம் பிந்திப் போயிருந்தது. எட்டு வயதில் வாங்கவேண்டியதைப் பன்னிரண்டாகப் போகும்போது வாங்கப்போகிறோம். கரை வழக்கம் உங்களுக்குத் தெரியும். பிள்ளைக்கு ஒரு பக்கம் தாய், ஒரு பக்கம் தகப்பன் நின்று, மூன்று பேரும் ஒன்றாக நன்மை வாங்கவேண்டும். இரண்டாம் கிழமை சுவாமி வீடு வீடாகப் போய் இதைச் சொல்லிக்கொண்டு வந்தார். நம்முடைய முற்றத்தில் இருந்த ஒரே கதிரையில் அவரை இருத்தினோம். அம்மா அப்போது என் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தா. வெள்ளைத் துணிக்கு எங்கே போவது? அப்பாவின் திருநாள் வேட்டியை வெட்டித்தான் தைத்தா. கரையிலிருந்து வந்த சாமான்களில் நல்லதாக மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். வெட்டச் சொன்னது அப்பாதான்.

"சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம், ஞாயிறு பிள்ளையோட நன்மை. வருவியள்தானே?" என்றார் சுவாமி.

"இல்லை சுவாமி. நான் வரேல்லை."

"ஏன் எண்டு சொல்லுங்கோவன்."

"சொல்ல ஏலாது சுவாமி. கோவியாதேங்கோ."

சுவாமியின் முகம் சுருங்கிப்போனது. அம்மா ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா. நான் வேலியோரம் நின்று அழுதேன். உங்கள் எல்லோருக்கும் அப்பா நிற்பார், அல்லது மாமாவாவது நிற்பார், தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு. என் அப்பா உயிரோடு, இருபது அடி தூரத்தில், சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அதைவிட மானக்கேடு எனக்கு அப்போது வேறொன்றும் தெரியவில்லை.

நான்காம் கிழமை சுவாமி பிரசங்கத்தில் சூடாகிவிட்டார். வாழ்வு தரும் அப்பத்தை உண்ணச் சொல்லும் வாசகம். "குசினி வாசலில நிண்டு மணத்தைப் பிடிச்சால் பசி ஆறாது. உள்ளுக்கு வந்து சாப்பிடவேணும். மரத்தடியில நிண்டு பூசை காணுற ஆக்களுக்கும் சேத்துத்தான் சொல்லுறன்" என்றார். ஒரு தலை பாக்கியில்லாமல் பாலைமரத்தின் பக்கம் திரும்பியது. அப்பா குனிந்து சைக்கிள் செயினைப் பார்ப்பதுபோல் நின்றார். அந்தச் சுவாமி நல்லவர். நல்லவர்கள் தெரியாமல் சொல்லும் சொல்தான் ஆழமாக இறங்குகிறது என்று இப்போது விளங்குகிறது.

ஐந்தாம் கிழமைத் தாள் எங்கள் கொட்டிலுக்கு வந்தது. ஆண்டவரின் பேச்சு கடினமாக இருக்கிறது என்று பலபேர் அவரை விட்டுப் போகிறார்கள். நீங்களும் போகப்போகிறீர்களோ என்று அவர் மிச்சமிருந்தவர்களைக் கேட்கிறார். ஆரிட்டைப் போவது என்று சீடர்களில் மூத்த இராயப்பர் திருப்பிக் கேட்கிறார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பா முற்றத்தில் சட்டிக்குள் தண்ணீர் வைத்து, சைக்கிள் ரியூப்பை அமுக்கி ஓட்டை தேடிக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீருக்குப் போயிருந்தா. நான் தாளை இரண்டு தரம் சத்தமாக வாசித்தேன், அவருக்குக் கேட்கட்டும் என்று.

"நீங்கள் வராட்டி எனக்கும் நன்மை வேண்டாம்" என்றேன்.

ரியூப்பிலிருந்து குமிழி வந்துகொண்டே இருந்தது. அவர் அந்த இடத்தில் விரலை வைத்துப் பொத்தியபடி சொன்னார்.

திருநாளுக்கு முந்தின கிழமைகளில் நம்முடைய கரையில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு நாள் முறை வரும். அன்றைக்குப் படுகிற மீன் முழுக்கக் கோவிலுக்கு. வீட்டுச் சட்டிக்குக்கூட ஒன்று எடுக்கக்கூடாது. அதில் ஒரு கட்டு இருந்தது: கோவில் மீனில் கைவைத்தவன், அதே கரையில், அதே கடலில் பிடித்த மீனால் திருப்பிக் குடுக்கும்வரை கோவிலுக்குள் வரக்கூடாது. எந்தச் சுவாமியும் எழுதி வைத்ததல்ல. மூப்பர்மார் தலைமுறையாகச் சொல்லி வந்தது. மூப்பர் என்றால் கோவில் காரியம் பார்க்கும் பெரியவர் என்று உங்கள் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துங்கள்.

நாம் ஓடின அந்த நாள் அப்பாவின் வள்ளத்து முறை. விடிய முன்னம் கடலுக்குப் போனவர் திரும்பி வந்தபோது கரையில் சனம் இல்லை, கோவில் பூட்டிக் கிடந்தது. அம்மாவும் நானும் காலையிலேயே உழவு மெசினில் ஏறிப் போய்விட்டோம். மீனைக் கரையில் எறிந்துவிட்டு வர மனம் வரவில்லை அவருக்கு. கூட வந்த இரண்டு பேரும் பக்கத்து ஊர்க்காரர், தங்கள் சனத்தைத் தேடிப் போய்விட, பெட்டியைச் சைக்கிளில் கட்டித் தனிய உருட்டிக்கொண்டு வந்தார். வழியில் மரத்தடிகளில் சனம். பொழுது சாயும்போது ஒரு குழந்தை பசியில் கத்தின கத்தலில் அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"ஆரோ அவிக்கக் கிடாரம் தந்தவை. உப்பும் செத்தல் மிளகாயும் மட்டும். கடைசித் துண்டுமட்டும் குடுத்தன். நானும் திண்டனான் பிள்ளை. அதுதான் பெரிய பிழை. குடுத்ததோட விட்டிருக்கலாம்." ரியூப்பைத் துடைத்தார். "இப்ப அந்தக் கடலுக்கு நான் எப்பிடிப் போறது? குளத்து மீனைக் குடுத்து ஏமாத்த ஏலுமோ? அம்மாவுக்குச் சொல்லாதை. அவா தாங்கமாட்டா. சுவாமிக்கும் சொல்லாதை."

"அப்ப எனக்குப் பக்கத்தில ஆர் நிக்கிறது?"

"சித்தப்பா நிப்பார்."

இந்த இடத்தில்தான் நான் உங்களுக்கு உண்மை சொல்லவேண்டும். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. ஒரு துளியும் வரவில்லை. என்னைவிட அவருக்கு ஒரு பெட்டி மீன் பெரிசாய்ப் போய்விட்டதே என்று நெஞ்சு எரிந்தது. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சீனி எடுத்துத் தின்றது, சித்தப்பாவின் பிள்ளைகளோடு சண்டை போட்டது எல்லாம் சொன்னேன். நெஞ்சு எரிந்ததைச் சொல்லவில்லை.

ஞாயிறு. வெள்ளை உடுத்து முன்வரிசையில் பன்னிரண்டு பேரும் இருந்தோம். வாசகம் முடிந்து சுவாமி எங்கள் வீட்டைக் கூப்பிட்டார். அம்மா எனக்குப் பதில் சொல்லித் தந்திருந்தா. நன்மை வாங்கும்போது நாம் சொல்லும் ஆமென், இராயப்பர் சொன்ன அதே பதில்தான் என்று. நல்ல பதில். நான் எழும்பினேன். பாலைமரத்தைப் பார்த்தேன். அவருக்குக் கேட்கவேண்டும் என்றே குரலை உயர்த்தினேன்.

"எங்கட அப்பா கோவில் மீனை எடுத்து றோட்டில சனத்துக்குக் குடுத்துப்போட்டார் சுவாமி. தானும் திண்டவர். அதாலதான் உள்ளுக்கு வரமாட்டாராம்."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினா. சுவாமிக்குத் தலையும் விளங்கவில்லை, வாலும் விளங்கவில்லை. கோவில் மீன் என்றால் என்ன என்றுகூட அவருக்குத் தெரியாது. அவர் மூப்பரைப் பார்த்தார்.

மூப்பர் பொல்லை ஊன்றிக்கொண்டு மெல்ல எழும்பினார். அந்தக் கட்டைக் காப்பவர் அவர்தான். அப்பாவை ஏசப்போகிறார் என்று எல்லோரும் நினைத்தோம். நான் அதைத்தான் விரும்பினேன்.

"எந்த இடத்தில குடுத்தவர், பிள்ளை?" என்று என்னைக் கேட்டார். வெளியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"பாலத்துக்கு இஞ்சால, புளியமரத்தடியில, மூப்பர்."

மூப்பர் மரத்தின் பக்கம் பார்த்தார். பிறகு சுவாமியின் பக்கம் திரும்பினார்.

"அண்டைக்கு எனக்குக் காய்ச்சல் சுவாமி. வண்டிலுக்க கிடந்தனான். பொழுதுபடேக்க மனிசி ஒரு தேக்கிலையில மீன் கொண்டுவந்து தந்தவா. நல்ல பாரைமீன். ஆர் தந்தது எண்டும் கேக்கேல்லை, ஆரின்ர மீன் எண்டும் கேக்கேல்லை. அண்டைக்கு ஒரு வள்ளமும் கடலுக்குப் போகேல்லை எண்டெல்லோ நினைச்சிருந்தனான்." பொல்லை மணலில் குத்தினார். "கட்டுச் சொன்ன நானே கோவில் மீனைத் திண்டிருக்கிறன். அவன் வெளியில எண்டால் நான் எப்பிடி உள்ளுக்கு நிக்கிறது?"

சொல்லிவிட்டு, பொல்லை ஊன்றி ஊன்றி, கொட்டிலை விட்டு வெளியே நடந்து போய்ப் பாலைமரத்தின் கீழ் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றார். மூப்பரின் மனைவி எழும்பிப் போனா. பிறகு ஒரு பெண், இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, "நாங்களும் திண்டனாங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனா. அவாவுக்குப் பின்னால் இன்னும் இரண்டு குடும்பம். உங்களில் ஒருவனும் அன்று வெள்ளைக் காற்சட்டையோடு எழும்பிப் போனான். நீ யாரென்று உனக்குத் தெரியும்.

சுவாமி பீடத்தில் தனியாக நின்றார். வலது கை அறியாமல் உயர்ந்தது, நான்கு விரல். கையை இறக்கிவிட்டு அவரும் வெளியே நடந்தார். மரத்தடியில் அவர் முதலில் சொன்னது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"போன கிழமை நான் சொன்னதை மறந்துபோடுங்கோ அண்ணை."

அப்பாவை மரத்தின் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். பாவசங்கீர்த்தனத்துக்குப்போல் இரண்டு பேரும் வேரில் இருந்தார்கள். அப்பாவின் தலை குனிந்திருந்தது, சுவாமியின் கை அதன்மேல் இருந்தது. உள்ளே மிச்சமிருந்த பெண்கள் மடியில் கிடந்த செபமாலையை எடுத்து உருட்டத் தொடங்கினார்கள். அன்று அதைத் தடுக்க ஆளில்லை.

பிறகு எல்லோரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். அப்பா சாரத்தோடு வந்தார், கையில் செயின் கிறீஸ். வேட்டி என் உடம்பில் இருந்தது. என் வலது பக்கம் வந்து நின்றார். பூசை அப்பம் போதாதபடியால் சுவாமி அன்று ஒன்றை மூன்றாக உடைத்து அம்மாவுக்கும் எனக்கும் அப்பாவுக்கும் தந்தார். என் துண்டு விரல் நகத்தளவு இருந்தது.

அடுத்த கிழமை அப்பா பக்கத்துக் காணிக்காரரிடம் வீச்சுவலை கடன் வாங்கிக் குளத்துக்குப் போனார். மலையகத்திலிருந்து வந்து குடியேறிய மனிதர் அவர், நம்முடைய சுவாமி யாரென்றே தெரியாது, ஆனாலும் வலை வீசும் இடம் காட்டிக் குடுத்தார். ஞாயிறு காணிக்கை நேரம் இரண்டு ஜப்பான் மீன், குளத்தில் படும் திலாப்பியா, தேக்கிலையில் பீடத்துக்குப் போயின. மூப்பர் மூக்கைச் சுளித்துக்கொண்டே இரண்டு கையாலும் வாங்கினார்.

இதுதான் கதை. நீங்கள் சொல்லித் திரிவதுபோல நான் அப்பாவுக்காகக் கதைக்கவில்லை. அவரை ஊருக்கு முன்னால் வெட்கப்படுத்தத்தான் எழும்பினேன். ஒரு பாவமும் செய்யாத மனிதர் ஒரு வருடம் வெளியே நின்றார். பாவத்தைச் சுடச்சுடச் செய்துவிட்டு நான் அரைமணித்தியாலத்தில் முதல் நன்மை வாங்கினேன். அதற்குப் பிறகு எத்தனையோ பாவசங்கீர்த்தனம் செய்தும் இதை ஒருநாளும் சொன்னதில்லை. பெருமையாகப் பேசும் ஊருக்கு முன்னால் வாய் வரவில்லை.

அப்பாவிடம் மட்டும் சொன்னேன், அவர் கட்டிலில் விழுந்திருந்த கடைசி மாதத்தில். சொல்லும்போது அழுதேன். அவர் என் கையைத் தட்டினார்.

"அது எனக்கு அண்டைக்கே தெரியும். உன்ர முகத்தில கிடந்தது. நீ அந்தக் கோவத்தோட தனிய நிண்டு நன்மை வாங்கப்போறாய் எண்டுதான் நான் உள்ளுக்கு வந்தனான். மூப்பர் வந்ததால எண்டோ நினைச்சனி?"

கண்ணை மூடினார். பிறகு உதடு துடித்தது. வலியோ என்று குனிந்தேன். சிரிக்கிறார்.

"மூப்பர் பாரை எண்டவரெல்லே? பெட்டியில ஒரு பாரையும் இல்லையடி பிள்ளை, முழுக்க விளைமீன்."